வால்வுக் குறுக்கம்: ஒரே அறிக்கைக்கு இரண்டு தீர்ப்புகள் வருவது ஏன்?

கேள்வி சுருக்கமாக இது: உங்கள் தாயாருக்கு வயது 72, உயரம் 150 செ.மீ., எடை 48 கிலோ. சில மாதங்களாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோ பரிசோதனையில் அயோர்டிக் வால்வின் திறப்பு 0.7 சதுர செ.மீ., இரத்தம் பாயும் உச்ச வேகம் விநாடிக்கு 3.4 மீட்டர், சராசரி அழுத்த வேறுபாடு 28 மி.மீ. பாதரசம், ஈ.எஃப். (கீழறையில் உள்ள இரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு) 62 விழுக்காடு என்று வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் இதைக் கடுமையான குறுக்கம் என்கிறார். இன்னொருவர் நடுத்தரம்தான், ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார். இருவரும் பார்த்தது ஒரே அறிக்கை. யார் சொல்வதை எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருவரும் எண்களைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். முதலாமவர் திறப்பின் பரப்பை வைத்துச் சொல்கிறார். இரண்டாமவர் வேகத்தையும் அழுத்த வேறுபாட்டையும் வைத்துச் சொல்கிறார். இவற்றுக்கு நடுவே, அறிக்கையின் முடிவுரையில் பெரும்பாலும் இடம்பெறாமல் போகும் மூன்றாவது அளவு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அந்த வால்வைக் கடந்து போகும் இரத்தம் எத்தனை மில்லி லிட்டர் என்பதே அது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மற்ற இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியாது. ஏன் என்பதை உங்கள் தாயாரின் எண்களைக் கொண்டே விரிவாகச் சொல்கிறேன்.

அயோர்டிக் வால்வு, இதயத்தின் இடது கீழறைக்கும் உடல் முழுவதற்கும் இரத்தம் கொண்டுசெல்லும் மகாதமனிக்கும் நடுவே இருக்கிறது. வயது வந்தவர்களுக்கு அது முழுதாகத் திறந்தால் 3 முதல் 4 சதுர செ.மீ. வரை இருக்கும். இந்தத் திறப்பு பாதியாகக் குறைந்தாலும் பெரும்பாலோருக்கு எதுவும் தெரிவதில்லை; 1.5 சதுர செ.மீட்டருக்குக் கீழே போகும்போதுதான் கீழறை கூடுதலாக உழைக்கத் தொடங்குகிறது. கையில் இரத்த அழுத்தம் 120 என்று காட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, வால்வுக்குப் பின்னால் கீழறைக்குள் 170 அல்லது 180 இருக்கலாம். ஒவ்வொரு துடிப்பிலும் இந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருப்பதால் கீழறையின் சுவர் தடிக்கிறது. தடித்த சுவர் இறுகிப்போவதால், இரத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்வதற்கே அதிக அழுத்தம் தேவைப்படுகிறது. அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்குப் போவதுதான் மூச்சு வாங்குவதற்குக் காரணம். ஈ.எஃப். சரியாக இருக்கும்போதே மூச்சு வாங்கலாம் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். 'பம்பிங் நன்றாக இருக்கிறது' என்ற ஒரு வாக்கியத்தால் அந்த மூச்சிரைப்பை ஒதுக்கிவிட முடியாது.

முதுமையில் வால்வு குறுகுவதற்கு முதன்மைக் காரணம் இதழ்களில் கால்சியம் படிந்து அவை விறைத்துப்போவது. மூன்று இதழ்களுக்குப் பதிலாக இரண்டு இதழ்களோடு பிறப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் உண்டு. அவர்களுக்கு இதே நிலை பத்து, இருபது ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளால் இந்தப் படிவைத் தடுக்கலாம் என்று ஒரு காலத்தில் பெரிதும் நம்பினார்கள். 2005-இல் வெளிவந்த சால்டயர், 2008-இன் சீஸ், 2010-இன் அஸ்ட்ரோனமர் ஆகிய ஆய்வுகள் மூன்றும் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கின. ஸ்டாட்டினை இதயத் தமனிகளுக்காகச் சாப்பிடலாம். வால்வைக் கரைக்கும் மருந்து என்று எதையாவது யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இனி அளவுகளுக்கு வருவோம். எக்கோ கருவியில் இருக்கும் டாப்ளர் முறை, பாயும் இரத்தத்தின் வேகத்தை மட்டுமே நேரடியாக அளக்கிறது. அழுத்தத்தை அது அளப்பதில்லை, வேகத்திலிருந்து கணக்கிடுகிறது. டேனியல் பெர்னூலி 1738-இல் எழுதிய பாய்ம இயக்கக் கொள்கையின் எளிய வடிவம்தான் அந்தக் கணக்கு: வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் அழுத்த வேறுபாடு மி.மீ. பாதரசத்தில் கிடைக்கும். உங்கள் தாயாருக்கு 3.4-இன் வர்க்கம் 11.56; நான்கால் பெருக்கினால் ஏறத்தாழ 46. இது ஒரு கணப்பொழுதின் உச்சம். இரத்தம் வெளியேறும் நேரம் முழுவதற்கும் இந்தக் கணக்கைப் போட்டு எடுத்த சராசரிதான் அறிக்கையில் உள்ள 28. உச்சத்தையும் சராசரியையும் கலந்துவிட்டு 'போன முறை 28, இந்த முறை 46, இவ்வளவு கூடிவிட்டதே' என்று கலங்குபவர்கள் பலர். அறிக்கைகளை ஒப்பிடும்போது சராசரியைச் சராசரியோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்க்கும் கதீட்டர் ஆய்வறையில் எடுக்கும் உச்சத்துக்கு உச்சம் என்ற அளவு இன்னும் வேறானது. கீழறையின் உச்சமும் மகாதமனியின் உச்சமும் ஒரே கணத்தில் நிகழ்வதில்லை. அவற்றைக் கழித்து வரும் எண் எக்கோவின் உச்சத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

வேகத்தின் வர்க்கம் என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. ஒரே ஓட்டையின் வழியாகப் பாயும் இரத்தம் இரு மடங்கானால் அழுத்த வேறுபாடு நான்கு மடங்காகிறது. பாய்வு பாதியானால் அது கால்பங்காகிவிடுகிறது. ஏரி நிறைந்திருக்கும்போது பாதி மூடிய மதகின் வழியே நீர் சீறிப் பாய்கிறது; ஏரி வற்றிய காலத்தில் அதே மதகில் நீர் அமைதியாகக் கசிகிறது; சீற்றம் தணிந்ததை வைத்து மதகு திறந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. இதய வால்விலோ அந்தத் தவறு அன்றாடம் நடக்கிறது.

இந்த உறவை மருத்துவத்துக்குள் கணக்காகக் கொண்டுவந்தவர் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் கார்லின். பொறியாளரான தம் தந்தையோடு சேர்ந்து அவர் 1951-இல் வெளியிட்ட சூத்திரம், பாய்வையும் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தையும் கொண்டு திறப்பின் பரப்பைக் கண்டுபிடிக்கிறது. 1981-இல் ஹக்கியும் அவருடைய சகாக்களும் அதை மனக்கணக்காகப் போடும் அளவுக்கு எளிதாக்கினார்கள்: இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் லிட்டர்களைச் சராசரி அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பரப்பு கிடைக்கும். உங்கள் தாயாருக்கு ஒரு துடிப்பில் வெளியேறுவது 48 மி.லி., நாடித்துடிப்பு 75. ஆக நிமிடத்துக்கு 3.6 லிட்டர். 28-இன் வர்க்கமூலம் 5.3. வகுத்தால் 0.68 வருகிறது, எக்கோ தனி வழியில் கண்ட 0.7-உடன் இது நன்றாகவே பொருந்துகிறது. இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். இதே 0.68 சதுர செ.மீ. திறப்பின் வழியே நிமிடத்துக்கு 5 லிட்டர் பாய்ந்திருந்தால் சராசரி அழுத்த வேறுபாடு 54 ஆக இருந்திருக்கும். இரண்டாவது மருத்துவரும் தயங்காமல் 'கடுமை' என்று எழுதியிருப்பார்.

கடுமையான அயோர்டிக் குறுக்கம் என்பதற்கு இன்றைய வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கும் எல்லைகள் மூன்று: உச்ச வேகம் விநாடிக்கு 4 மீட்டர் அல்லது அதற்கு மேல், சராசரி அழுத்த வேறுபாடு 40 அல்லது அதற்கு மேல், பரப்பு 1.0 சதுர செ.மீ. அல்லது அதற்குக் கீழ். வேகம் 3 முதல் 3.9 வரை இருந்தால் நடுத்தரம், 2 முதல் 2.9 வரை இருந்தால் இலேசானது. 5 மீட்டரைத் தாண்டினால் மிகக் கடுமை. இந்த மூன்று எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துபவை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவை பொருந்துவதில்லை. மேலே சொன்ன சூத்திரத்திலேயே போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர் பாய்வு உள்ள ஒருவருக்குப் பரப்பு சரியாக 1.0 என்றால் அழுத்த வேறுபாடு 25-தான் வரும். 40 வர வேண்டுமானால் பரப்பு 0.79-க்கு இறங்க வேண்டும். ஆகவே 0.8-க்கும் 1.0-க்கும் இடையில் இருப்பவர்களுக்குப் பரப்பின்படி கடுமை, அழுத்தத்தின்படி நடுத்தரம் என்று இரண்டு தீர்ப்புகள் வருவது எல்லைகளின் அமைப்பிலேயே இருக்கும் பிசகு. மருத்துவரின் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது.

அதோடு உடலின் அளவும் சேர்கிறது. ஆறடி மனிதருக்கு 1.0 சதுர செ.மீ. பற்றாமல் போகலாம், சிறிய உடல்வாகு கொண்ட பெண்ணுக்கு அதுவே ஓரளவு போதலாம். அதனால் பரப்பை உடலின் மேற்பரப்பால் வகுத்துப் பார்க்கிறோம், 0.6 அல்லது அதற்குக் கீழே வந்தால் கடுமை. உங்கள் தாயாரின் உடல் மேற்பரப்பு 1.41 சதுர மீட்டர்; வகுத்தால் ஏறத்தாழ 0.5 வருகிறது. அவர் சிறிய உடல்வாகு கொண்டவர், அதனால்தான் எண் சிறியதாகத் தெரிகிறது என்ற வாதம் இங்கே எடுபடாது.

ஆனால் 0.7 என்ற அந்த எண்ணே நம்பத் தக்கதுதானா என்று கேட்க வேண்டும். எக்கோவில் பரப்பு எப்படிக் கிடைக்கிறது என்றால், வால்வுக்குச் சற்றுக் கீழே உள்ள வெளியேறு பாதையின் விட்டத்தை அளந்து, அதை வட்டம் என்று கொண்டு பரப்பு காண்கிறார்கள். பிறகு அந்த இடத்தில் ஒரு துடிப்பில் இரத்தம் நகரும் தூரத்தால் பெருக்குகிறார்கள், அறிக்கையில் வி.டி.ஐ. என்று இருப்பது இந்தத் தூரம்தான். பாதையைக் கடந்த அளவு இரத்தம் வால்வையும் கடந்தாக வேண்டும் என்பதால், அதை வால்வின் வி.டி.ஐ.யால் வகுத்தால் வால்வின் பரப்பு கிடைத்துவிடும். நீங்கள் அனுப்பிய இரண்டாம் பக்கத்தில் விட்டம் 1.9 செ.மீ., பாதையின் வி.டி.ஐ. 17 செ.மீ., வால்வின் வி.டி.ஐ. 70 செ.மீ. என்று இருக்கிறது. விட்டத்திலிருந்து 2.84 சதுர செ.மீ.; 17-ஆல் பெருக்கினால் 48 மி.லி.; 70-ஆல் வகுத்தால் 0.69. கணக்கில் பிழை இல்லை.

பிழை நுழையக்கூடிய இடம் அந்த விட்டம். விட்டமும் வர்க்கமாகவே கணக்குக்குள் போகிறது. கால்சியம் படிந்த வால்வுக்குக் கீழே கோட்டை எங்கே வைப்பது என்பதில் இரண்டு மி.மீ. மாறுவது மிக எளிது. 1.9-க்குப் பதிலாக 2.1 என்று அளந்திருந்தால் ஒரு துடிப்பின் இரத்தம் 59 மி.லி. ஆகவும் பரப்பு 0.84 ஆகவும் ஏறிவிடும். போதாக்குறைக்கு அந்தப் பாதை பலருக்கும் முழு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகவே இருக்கிறது என்பதைச் சி.டி. படங்கள் காட்டிவிட்டன, அதை வட்டம் என்று கொள்ளும்போது எக்கோ பரப்பைக் குறைத்துக் காட்டும் பக்கமே சாய்கிறது. அதனால் நான் எப்போதும் விட்டமே தேவைப்படாத ஓர் எண்ணையும் கூடவே பார்ப்பேன். பாதையின் வி.டி.ஐ.யை வால்வின் வி.டி.ஐ.யால் வகுப்பதுதான் அது, டி.வி.ஐ. என்று எழுதுவார்கள். 0.25-க்குக் கீழே இருந்தால், திறந்திருக்க வேண்டியதில் கால்பங்குகூடத் திறக்கவில்லை என்று பொருள். 17-ஐ 70-ஆல் வகுத்தால் 0.24. விட்டத்தை யார் எப்படி அளந்திருந்தாலும் இந்த எண் மாறாது. அதனால்தான் உங்கள் தாயாரின் விஷயத்தில் முதல் மருத்துவரின் பக்கம் என் மனம் சாய்கிறது.

அப்படியானால் ஈ.எஃப். 62 இருக்கும்போது பாய்வு ஏன் குறைவாக இருக்கிறது? ஈ.எஃப். என்பது ஒரு விகிதம். கீழறையில் இருந்ததில் எத்தனை பங்கு வெளியே போனது என்பதை மட்டும் அது சொல்கிறது. சுவர் தடித்து உள்ளிடம் சிறுத்துப்போன கீழறையில் 77 மி.லி. மட்டுமே நிரம்பினால், அதில் 62 விழுக்காடு 48 மி.லி.தான். உடல் மேற்பரப்பால் வகுத்து, ஒரு சதுர மீட்டருக்கு 35 மி.லி.க்குக் கீழே வந்தால் குறைந்த பாய்வு என்கிறோம். உங்கள் தாயாருக்கு 34. வயது முதிர்ந்த பெண்கள், நெடுநாள் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், நாடித்துடிப்பு ஒழுங்கற்றுப்போனவர்கள், இதயத்தின் இடப்பக்கத்து மற்றொரு வால்வான மைட்ரல் வால்விலும் கோளாறு உள்ளவர்கள் ஆகியோரிடம் இந்த நிலையை அதிகம் பார்க்கிறோம். இதயத் தசையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பதும் முதியவர்களிடம் இதற்கு ஒரு காரணமாக இருப்பதுண்டு. ஈ.எஃப். நன்றாக இருந்தும் பாய்வு குறைந்திருக்கும் இந்த நிலையைத் தவறவிடுவதுதான் இந்தத் துறையில் மிகுதியாக நடக்கும் பிழை என்பது என் கருத்து. எண்கள் எல்லாம் மிதமாகவே தெரிவதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் விட்டம் 2.1 என்று திருத்தப்பட்டால் பாய்வும் 42 ஆக ஏறி இயல்பான வரம்புக்குள் வந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. அதனால்தான் மறுபடி அளக்கச் சொல்கிறேன்.

அளப்பதில் இன்னும் சில கவனங்கள் தேவை. டாப்ளர் கற்றை இரத்தம் பாயும் திசைக்கு நேராக இருந்தால்தான் உண்மையான வேகம் கிடைக்கும். 30 பாகை விலகினால் 4.5 மீட்டர் வேகம் 3.9 என்று காட்டும், அழுத்தம் 81-க்குப் பதிலாக 61 என்று வரும். கருவி வேகத்தைக் கூட்டிக் காட்டுவதைவிடக் குறைத்துக் காட்டுவதே எளிது. மார்பின் இடப்பக்கம் இதய நுனி இருக்கும் இடத்தில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு முடிக்காமல், வலப்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி மார்பெலும்பின் வலது ஓரத்திலிருந்தும், கழுத்துக் குழியிலிருந்தும் பார்த்தால் பலருக்கு இன்னும் உயர்ந்த வேகம் கிடைக்கிறது. இதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். கூட்டம் மிகுந்த இடங்களில் விட்டுப்போவது இதுதான். பரிசோதனை நேரத்தில் இரத்த அழுத்தம் 170, 180 என்று இருந்தால் பாய்வு குறைந்து அழுத்த வேறுபாடும் குறைவாகத் தெரியும். அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு மீண்டும் அளக்க வேண்டும். மைட்ரல் வால்வின் கசிவும் அதே திசையில்தான் பாய்கிறது என்பதால், அந்தக் கசிவின் வேகத்தை அயோர்டிக் வேகம் என்று எடுத்துவிடும் எதிர்மாறான பிழையும் உண்டு.

ஈ.எஃப். 50-க்குக் கீழே விழுந்தவர்களின் கதை சற்று வேறு. அங்கே கேள்வியே மாறுகிறது: வால்வு குறுகியதால் இதயம் தளர்ந்ததா, அல்லது வேறு காரணத்தால் தளர்ந்த இதயத்துக்கு வால்வைத் திறக்கப் பலம் போதாமல், சிறிது மட்டுமே குறுகிய வால்வு மிகவும் குறுகியதுபோல் தெரிகிறதா? இதயத் துடிப்பை வலுப்படுத்தும் டோபுடமின் என்ற மருந்தைச் சிறு அளவில் ஏற்றிக்கொண்டே எக்கோ பார்த்தால் விடை தெரியும். பாய்வு கூடும்போது அழுத்த வேறுபாடு 40-ஐத் தாண்டியும் பரப்பு 1.0-க்குக் கீழேயே நின்றால் வால்வு உண்மையாகவே கடுமையாகக் குறுகியிருக்கிறது. பரப்பு விரிந்து, அழுத்தம் அவ்வளவாக ஏறாமல் இருந்தால் குறை இதயத் தசையில் இருக்கிறது. உங்கள் தாயாரைப் போல ஈ.எஃப். நன்றாக உள்ள, சுவர் தடித்த சிறிய கீழறையில் இந்தப் பரிசோதனையால் பெரிய பயன் கிடைப்பதில்லை.

அவருக்குப் பொருத்தமானது சி.டி. கால்சியம் அளவீடு. இதற்குச் சாய ஊசி தேவையில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும், பாய்வு எவ்வளவு என்ற கேள்வியே இதில் எழாது. இதழ்களில் எவ்வளவு கால்சியம் படிந்திருக்கிறது என்பதை நேராக எண்ணிவிடுகிறது. பெண்களுக்கு 1200, ஆண்களுக்கு 2000 அலகுகளுக்கு மேல் இருந்தால் கடுமையான குறுக்கம் என்பதற்கு வாய்ப்பு அதிகம். முறையே 1600, 3000 தாண்டினால் ஏறத்தாழ உறுதி. 800, 1600-க்குக் கீழே இருந்தால் வாய்ப்பு குறைவு. பெண்களுக்கு எல்லை குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பெண்களின் வால்வில் கால்சியத்தோடு நார்த்திசுவும் கூடுதலாகச் சேர்ந்து இதழை விறைக்கச் செய்கிறது. எனவே குறைந்த கால்சியத்திலேயே அதே அளவு குறுக்கம் வந்துவிடுகிறது. ஆண்களின் எல்லையை வைத்து ஒரு பெண்ணின் அறிக்கையைப் படித்துவிட்டு 'நடுத்தரம்' என்று சொல்லிவிடக் கூடாது. இந்த எல்லைகள் முதுமையில் வரும் கால்சியப் படிவுக்கானவை. ருமாட்டிக் காய்ச்சலால் குறுகிய வால்வுகளுக்குப் பொருந்தாது.

மைட்ரல் வால்வைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் உறவுக்காரப் பெண்ணுக்கு அது குறுகியிருப்பதாகவும், இரண்டு முறை எடுத்த அழுத்த வேறுபாடு 6 என்றும் 13 என்றும் மாறி வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். மைட்ரல் வால்வு இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ளது. இயல்பான திறப்பு 4 முதல் 6 சதுர செ.மீ. நம் நாட்டில் இது குறுகுவதற்கு இன்றும் முக்கியக் காரணம், சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல். ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் தாக்குகிறது. இதழ்கள் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு, வால்வு மீனின் வாயைப் போன்ற சிறு பிளவாகிவிடுகிறது. இங்கே சுமை கீழறைக்கு இல்லை. மேலறைக்கும் அதன் வழியாக நுரையீரலுக்கும்தான். மேலறையின் அழுத்தம் 25 மி.மீ.ஐ நெருங்கும்போது நுரையீரலுக்குள் நீர் கசியத் தொடங்குகிறது.

மைட்ரல் வால்வின் வழியே இரத்தம் பாய்வது இதயம் தளர்ந்திருக்கும் நேரத்தில் மட்டுமே. நாடித்துடிப்பு 60 ஆக இருந்தால் ஒரு துடிப்புக்கு ஒரு விநாடி. அதில் பாதிக்கு மேல் தளர்வு நேரம். துடிப்பு 120 ஆனால் ஒரு துடிப்புக்கு அரை விநாடிதான், அந்தக் குறைப்பும் பெரும்பாலும் தளர்வு நேரத்திலிருந்தே போகிறது. அதே இரத்தம் குறைந்த நேரத்துக்குள் அதே பிளவின் வழியே போயாக வேண்டும் என்பதால் அழுத்த வேறுபாடு கிடுகிடுவென ஏறுகிறது. உறவினரின் 6 எந்த நாடித்துடிப்பில் எடுத்தது, 13 எந்த நாடித்துடிப்பில் எடுத்தது என்று பாருங்கள். நாடித்துடிப்பு எழுதப்படாத மைட்ரல் அழுத்த வேறுபாட்டுக்கு நான் எந்த மதிப்பும் தருவதில்லை. காய்ச்சல், இரத்தசோகை, தைராய்டு மிகுதி எல்லாமே அந்த எண்ணை ஏற்றிவிடும். கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 விழுக்காடு வரை கூடி, நாடித்துடிப்பும் ஏறுவதால், அதுவரை எந்தத் தொல்லையும் இல்லாதிருந்த பெண்ணுக்கு ஐந்தாம், ஆறாம் மாதத்தில் திடீரென மூச்சுத்திணறல் வருவதும், அப்போதுதான் வால்வுக் குறுக்கம் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்படுவதும் நம் மருத்துவமனைகளில் அடிக்கடி காணும் நிகழ்ச்சி. இளம்பெண்களுக்குத் திருமணத்துக்கு முன்போ கருத்தரிக்கும் முன்போ இதை அறிந்து சரிசெய்துவிட முடிந்தால் எத்தனையோ துன்பத்தைத் தவிர்க்கலாம்.

ஆகவே மைட்ரல் குறுக்கத்தின் கடுமையைப் பரப்பை வைத்துத்தான் சொல்ல வேண்டும்: 1.5 சதுர செ.மீ. அல்லது அதற்குக் கீழே கடுமை, 1.0-க்குக் கீழே மிகக் கடுமை. இதழ்களின் நுனியில் குறுக்குவெட்டாகப் படம் எடுத்து, பிளவின் ஓரத்தை நேராக வரைந்து அளப்பது சிறந்த முறை. முப்பரிமாண எக்கோ அதை இன்னும் நம்பகமாக்கியிருக்கிறது. இன்னொரு முறையை நார்வேயைச் சேர்ந்த லிவ் ஹாட்லேயும் சகாக்களும் 1979-இல் டாப்ளருக்குக் கொண்டுவந்தார்கள்: அழுத்த வேறுபாடு பாதியாக இறங்க எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று அளந்து, 220-ஐ அதனால் வகுத்தால் பரப்பு. 150 மில்லி விநாடி ஆனால் 1.47; 220 ஆனால் சரியாக 1.0. எளிதாக இருப்பதால் எல்லோரும் இதையே எழுதுகிறார்கள். ஆனால் அயோர்டிக் வால்வில் கசிவு இருந்தாலோ, கீழறை இறுகிப்போயிருந்தாலோ, குறுகிய வால்வைப் பலூனால் விரிக்கும் சிகிச்சை முடிந்த உடனேயோ இந்தக் கணக்கு தவறிவிடும். வலப்பக்கத்து இரு வால்வுகளின் குறுக்கம் அரிது. நுரையீரல் தமனி வால்வின் குறுக்கம் பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, அங்கே உச்ச அழுத்த வேறுபாடு 64-ஐத் தாண்டினால் கடுமை.

கருவிகளுக்கு முன்னால் ஸ்டெதாஸ்கோப்பும் விரலும் சொல்வதையும் விட்டுவிடக் கூடாது. முணுமுணுப்பு ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பது கடுமையைக் காட்டாது. பாய்வு குறைந்தால் மிகக் கடுமையான குறுக்கத்திலும் ஒலி மெலிந்துவிடும். அயோர்டிக் குறுக்கத்தில் ஒலியின் உச்சம் துடிப்பின் பிற்பகுதிக்குத் தள்ளிப்போவதும், இதயத்தின் இரண்டாம் ஒலி மங்கி மறைவதும், கழுத்து நாடி மெதுவாக எழுவதுமே கடுமையின் அடையாளங்கள். முதியவர்களின் தமனிகள் விறைத்திருப்பதால் நாடி இயல்பாக எழுவதுபோல் ஏமாற்றுவதும் உண்டு. மைட்ரல் குறுக்கத்தில், இரண்டாம் ஒலிக்கும் வால்வு திறக்கும்போது கேட்கும் சொடுக்கொலிக்கும் இடையே உள்ள நேரம் குறையக் குறையக் குறுக்கம் கடுமையாகிறது என்று பொருள்.

எண்கள் எல்லாம் எதற்காக என்றால், சிகிச்சைக்கான நேரத்தை அறிவதற்காக. அமெரிக்க மருத்துவர்கள் ராஸ், பிரான்வால்ட் இருவரும் 1968-இல் எழுதியது இன்றும் அடிப்படையாக இருக்கிறது: அயோர்டிக் குறுக்கம் நீண்ட காலம் தொல்லை தராமல் இருக்கும், ஆனால் நெஞ்சுவலி, மயக்கம், மூச்சிரைப்பு என்ற அறிகுறிகள் வந்துவிட்டால், வால்வை மாற்றாதவர்களின் வாழ்நாள் முறையே ஏறத்தாழ ஐந்து, மூன்று, இரண்டு ஆண்டுகளாகச் சுருங்கிவிடுகிறது. சராசரியாக வேகம் ஆண்டுக்கு 0.3 மீட்டர் கூடுகிறது, பரப்பு 0.1 சதுர செ.மீ. குறைகிறது, ஆனால் சராசரி என்பது தனி ஒருவருக்குப் பொருந்த வேண்டியதில்லை. முதியவர்கள் தங்கள் குறையை வெளியே சொல்வதில்லை. மாடிக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள், கோயிலுக்குப் போனால் பிரகாரம் சுற்றாமல் உட்கார்ந்துகொள்கிறார்கள், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள். போன தீபாவளிக்குச் செய்த வேலைகளில் எதை இப்போது செய்வதில்லை என்று கேட்டால் உண்மை வெளிவரும். உங்கள் தாயாருக்கு மூச்சு வாங்குவது தெளிவாகவே இருக்கிறது. எனவே ஒரு வருடம் காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

செய்ய வேண்டியவை இவை. இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் ஒரு நாளில், விட்டத்தைத் திரும்ப அளந்து, மார்பின் வலப்பக்கத்திலிருந்தும் வேகத்தைப் பார்த்து, ஒரு துடிப்பின் இரத்த அளவையும் டி.வி.ஐ.யையும் எழுதித் தரும்படி கேட்டு ஓர் எக்கோ எடுங்கள். அதோடு சி.டி. கால்சியம் அளவீடு. கால்சியம் 1200-ஐத் தாண்டினால், இந்த அறிகுறியோடு சேர்த்துப் பார்க்கும்போது வால்வு மாற்றத்தைப் பற்றி இப்போதே பேச வேண்டும். திறந்த அறுவைச் சிகிச்சையா, 2002-இல் பிரான்சின் ரூவான் நகரில் அலேன் கிரிபியே முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்த, கதீட்டர் வழியாக வால்வைப் பொருத்தும் டாவி முறையா என்பதை அவருடைய வயது, தமனிகளின் நிலை, பிற நோய்கள் ஆகியவற்றைப் பார்த்து இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். 800-க்குக் கீழே வந்தால் மூச்சிரைப்புக்கு வேறு காரணம் தேட வேண்டும்: ஹீமோகுளோபின், நுரையீரல், இதயத் தமனிகள், தைராய்டு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, எக்கோவை ஆறு மாதத்தில் திரும்ப எடுக்கலாம். இரண்டுக்கும் இடையில் வந்தால், உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் எக்கோவோ சாய ஊசியோடு எடுக்கும் சி.டி.யோ வெளியேறு பாதையின் உண்மையான வடிவத்தைக் காட்டி, அந்த 1.9-ஐச் சரிபார்த்துத் தரும். அதுவரை இரத்த அழுத்த மாத்திரைகளையோ, நீர் பிரிய வைக்கும் மாத்திரைகளையோ நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ, ஒரு முறையேனும் மயங்கி விழுந்தாலோ, இந்தப் பரிசோதனைகளுக்கான தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.